ஷாக் பெட்டி என்று வருவதெல்லாம் ஷாக் பெட்டி அல்ல: பழைய மனநல மருத்துவமனைக் கருவிகள், உறுப்பினர் பகிர்வுகள்

சுருள்கம்பி:
"பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஷாக் மெஷின், 1900" என்று போட்டு விற்கப்படும் மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பேட்டரி வைக்க இடம், செம்புக் கம்பிச் சுருள், துடிக்கும் மெல்லிய தகடு, கையில் பிடிக்க இரண்டு உலோகக் குழாய்கள் இருந்தால் அது தூண்டுச்சுருள் பெட்டி. வாத நோய்க்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் வீடுகளிலேயே வைத்திருந்தார்கள். சுருளுக்குள் இருக்கும் பித்தளைக் குழாயை வெளியே இழுக்க இழுக்கக் கையில் மின்சாரத்தின் விறுவிறுப்பு கூடும். கண்ணாடிக் குழலைச் செருகினால் ஊதாவாக ஒளிரும் கருவியும் வேறு வகைதான். உயர் அதிர்வெண் பொறியைத் தோலில் படவைப்பது. இரண்டுமே வலிப்பு உண்டாக்கச் செய்யப்பட்டவை அல்ல.

மனநோய்க்காகத் தலைவழியே மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவழைக்கும் மின்னதிர்வு சிகிச்சை தொடங்கியதே 1938 ஏப்ரலில், ரோமில், உகோ செர்லெட்டி, லூச்சியோ பினி என்ற மருத்துவர்கள் செய்தபோது. ஷாக் மெஷின் என்று சொல்லி 1938-க்கு முந்தைய ஆண்டைக் குறிப்பிடும் சீட்டு எதுவாக இருந்தாலும் தவறு. உண்மையான பெட்டியில் வோல்ட் குமிழ், நொடியின் பின்னங்களைக் காட்டும் நேரக் குமிழ், தலையில் பட்டியால் கட்டும் இரண்டு மின்முனைகள் ஆகியவற்றைத் தேடுங்கள்.

ஓம்மீட்டர்:
சில பெட்டிகளில் மின்தடை காட்டும் மீட்டரும் இருக்கும். அது ஏன் என்று தெரிந்தால் அந்தக் காலச் சிகிச்சையின் பாதி ஆபத்து புரிந்துவிடும். பழைய பெட்டி வோல்ட்டை மட்டும் நிலையாகத் தரும். 100 வோல்ட் வைத்தால், தலையின் மின்தடை 200 ஓம் உள்ளவருக்கு அரை ஆம்பியர் பாயும். 400 ஓம் உள்ளவருக்குக் கால் ஆம்பியர்தான். மின்னோட்டம் குறைந்துபோனால் முழு வலிப்பு வராமல் நின்றுவிடும். மயக்க மருந்து இல்லாத நாட்களில் அப்படி வலிப்பு வராத நோயாளி நினைவோடு அந்த அதிர்ச்சியை அனுபவிக்கவும் நேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. மின்முனைத் துணியை உப்புநீரில் நனைத்தது தடையைக் குறைக்கத்தான். துணி காய்ந்தால் தோல் சுடும். அதிகம் நனைந்து நீர் நெற்றியில் வழிந்தாலோ, மின்சாரம் மண்டைக்குள் போகாமல் தோல்மேலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடும்.

பிற்காலப் பெட்டிகள் மின்னோட்டத்தை 0.8 ஆம்பியர் அளவில் நிலைநிறுத்தி, வோல்ட்டைத் தாமே ஏற்றி இறக்கும். முகப்பில் பல்ஸ் அகலம், அதாவது ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கும் நேரம், மில்லிசெகண்டில் குறித்திருந்தால் அந்த வகை. பழைய பெட்டிகள் தந்த 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சார அலையின் ஒரு சுற்றுக்கே 20 மில்லிசெகண்ட் ஆகிறது. பிற்காலப் பெட்டிகளின் குறும்பல்ஸுக்கு ஒரு மில்லிசெகண்டோ அதற்கும் குறைவோ போதும். மொத்த மின்னூட்டம் குறைந்ததால் ஞாபக இழப்பும் குறைந்தது.

சுருள்கம்பி:
மேலே சொன்னதோடு ஒன்று: எக்காரணம் கொண்டும் ப்ளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். கம்பியைச் சுற்றிய ரப்பர் இத்தனை ஆண்டுகளில் பொடியாகியிருக்கும். மெழுகுக் காகிதக் கபாசிட்டர்கள் கசியும். சிலவற்றில் உள்ளே ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டுமே இருக்கும். அப்படியானால் மின்முனைக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே தடுப்பே கிடையாது. வயரை வெட்டவும் வேண்டாம், அதுவும் கருவியின் பகுதி. ஃப்யூஸை மட்டும் கழற்றி, தனி உறையிலிட்டு, சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள்.

பழையதோல்:
பெட்டியோடு வரும் ரப்பர் வாய்க்கட்டை கல்லாக இறுகியிருக்கும், வளைத்தால் விரிசல் விடும். அதில் உள்ள கந்தகம் பக்கத்தில் உள்ள வெள்ளியைக் கறுக்கவைக்கும். அமிலமற்ற தாளில் தனியே சுற்றுங்கள். நாக்கையும் பல்லையும் அது காத்தது. முதுகெலும்பைக் காக்க எதுவும் இல்லை. தசைகள் ஒரேயடியாக இறுகியதில் மார்புப் பகுதி முதுகெலும்புகள் நசுங்கி முறிந்தன. வலிப்புச் சிகிச்சையில் இதைத் தடுக்க 1940-இல் ஆபிராம் பென்னட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தசைகளைத் தளர்த்தும் தாவர நஞ்சான குராரேயைப் பயன்படுத்திக் காட்டினார். 1950-களில் சக்சினைல்கோலின் என்ற மருந்து வந்த பிறகே தசைத் தளர்த்தல் வழக்கமாயிற்று.

நோயாளியைக் கட்டிவைத்த தோல் கைப்பட்டை, இடுப்புப் பட்டைகளில் செந்தூளாக உதிர்வது பதப்படுத்திய தோலுக்கு வரும் சிதைவு. எண்ணெய் தடவினால் கறுத்துப் பிசுபிசுக்கும், உதிர்வு நிற்காது. உதிரும் தோலைப் பிணைக்கும் ஹைட்ராக்சி ப்ரொபைல் செல்லுலோஸ் பொடியை எத்தனாலில் (ஆல்கஹாலில்) நீர்த்தாகக் கரைத்து மென்மையான தூரிகையால் பூசுவதே சரி. முதலில் உள்பக்க ஓரத்தில் சோதியுங்கள். வார்த்துளைகளில் எது நீண்டிருக்கிறது என்று படமெடுத்து வையுங்கள். எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள் என்பதற்குச் சாட்சி அதுதான்.

வெந்நீர்த்தொட்டி:
கொந்தளிக்கும் நோயாளியை அமைதிப்படுத்த நீரில் கிடத்திவைத்த தொடர்குளியல் தொட்டி யாருக்காவது கிடைத்தால் குழாயையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள். கித்தான் மூடியில் கழுத்துக்கு மட்டும் துளை. நோயாளி மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில், உள்ளே கிடப்பார். நீர் 33 முதல் 36 டிகிரி செல்சியஸ், அதாவது உடம்பைச் சூடாக்காத, குளிர்விக்காத அளவு. வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் வால்வில்தான் ஆபத்து முழுவதும்: குளிர்நீர்க் குழாயில் அழுத்தம் சட்டென விழுந்தால் வெந்நீர் மட்டும் பாயும், மூடிக்குள் இருப்பவரால் எழுந்து விலக முடியாது. அதனால் நல்ல அமைப்புகளில் வால்வு நோயாளிக்கு எட்டாத இடத்தில் இருக்கும், நீர் நுழையும் குழாயிலேயே வெப்பமானி பொருத்தியிருக்கும். அந்த வெப்பமானி உடைந்திருந்தால் பாதரசத்தை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். துளிகளைத் தடித்த தாளால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் இடுங்கள்.