உதவி: கார் ஏசி போட்டா நாத்தம், அவசரம்

வேளச்சேரி_வண்டி:
ஏசி போட்டாலே நாத்தம், தாங்க முடியல. ஏசி கேஸ் குறைஞ்சிருக்கும், டாப்-அப் பண்ணணும்னு மெக்கானிக் சொல்றார். பெர்ஃப்யூம் மாத்திப் பாத்தாச்சு, பிரயோஜனமில்ல. ஞாயித்துக்கிழமை அம்மாவை ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்டெப்னி:
எந்த வருஷ வண்டி, எந்த வேரியன்ட்? நாத்தம் எப்படி, புளிச்ச ஈரத்துணி மாதிரியா, செத்த எலி மாதிரியா, இனிப்பாவா? போட்டதும் ஒரு நிமிஷமா, வழி முழுக்கவா?

கோவை_டீசல்:
கேபின் ஃபில்டர்தான் சார், உள்ள வர்ற காத்தை வடிகட்டறது. க்ளவ் பாக்ஸைக் கழட்டினா பின்னாடி இருக்கும். மாத்திடுங்க, சரியாயிடும்.

பழைய_ஸ்பேனர்:
மழைக்காலம் வந்தா இதே கேள்வி. முன்னாடி எழுதினதைத் தேடிப் படிச்சுட்டுக் கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம். கேஸுக்கும் புளிச்ச நாத்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஏசி மூடின சிஸ்டம், லீக் இல்லாம கேஸ் குறையாது. குறைஞ்சா கூலிங்தான் போகும். இதுகூடத் தெரியாம வண்டி வச்சிருக்கக் கூடாது.

ஸ்டெப்னி:
அண்ணே, அவருக்குத் தெரிஞ்சா ஏன் கேக்கப் போறார். விடுங்க. தம்பி, முன்சீட்டு இடது பக்கம் கால் வைக்கிற இடத்துல கார்பெட் ஈரமா இருக்கா?

வேளச்சேரி_வண்டி:
2017 பெட்ரோல் ஹேட்ச்பேக், பேஸ் மாடல். புளிச்ச நாத்தம், ரெண்டு நிமிஷத்துல குறையும். ஆமா, கார்பெட் ஈரம். தண்ணி பாட்டில் கொட்டிருச்சுன்னு நினைச்சேன்.

ஸ்டெப்னி:
ஈரத்தை முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். டிரெய்ன் குழாய் அடைச்சிருக்கு. கூலிங் காயில்ல படியற தண்ணி அந்தக் குழாய் வழியாத்தான் வண்டிக்கு அடியில சொட்டணும். அடைச்சா காயில் இருக்கற பெட்டிக்குள்ளயே தேங்கும், தூசியோட சேர்ந்து காயில்ல பூஞ்சை பிடிக்கும், மிச்சம் கார்பெட்டுக்கு வழியும்.

நிழல்ல நிறுத்தி ஏசியை 15 நிமிஷம் முழுசா ஓட விடுங்க. இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர் பக்கம், கீழே சொட்டுதான்னு பாருங்க. சென்னை ஈரக்காத்துல நல்லாவே சொட்டணும். சொட்டலைன்னா வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி, வெறும் ஜாக்கை நம்பி அடியில போகாதீங்க, ரப்பர் குழாய் நுனியை அமுக்கி விடுங்க. புல்வெட்டி மெஷினுக்குப் போடற நைலான் கயிறை மெதுவா உள்ளே விட்டு ஆட்டினா சேறு இறங்கும். கம்பி விடாதீங்க, காயில் ஓட்டையாகும். டயருக்குக் காத்தடிக்கற கம்ப்ரெஸரை வச்சு முழு வேகத்துல அடிச்சா குழாய் கழண்டுக்கும்.

அப்புறம் காயில். ஏசி காயில் க்ளீனர் நுரை வாங்குங்க. டேஷ்போர்டு வென்ட்ல அடிக்கறது வீண், அது காத்து வர்ற டக்டைத்தான் நனைக்கும். ஃபில்டர் ஸ்லாட் ப்ளோயருக்கு (காத்தைத் தள்ளற ஃபேன்) அப்புறம் இருந்தா அது வழியா காயில் தெரியும், அங்கயே அடிங்க. ப்ளோயருக்கு முன்னாடி இருந்தா மோட்டார் நனையும், அதனால டிரெய்ன் குழாய் வழியா ஏத்துங்க. இஞ்சின் ஆஃப்ல 15 நிமிஷம் விடணும், அழுக்குத் தண்ணி இறங்கும். பிறகு ஏசி பட்டனை அணைச்சு, ஹீட்டரும் ப்ளோயரும் முழுசா, கண்ணாடி எல்லாம் இறக்கி 10 நிமிஷம்.

கோவை_டீசல்:
நுரை எதுக்கு, வினிகரோ டெட்டாலோ கலந்து அடிச்சாலும் போதும்.

பழைய_ஸ்பேனர்:
காயில் அலுமினியம். வினிகர் ஆசிட், ப்ளீச்சிங் அதைவிட மோசம். அரிச்சு லீக் ஆனா டேஷ்போர்டையே கழட்டணும். டெட்டால் வாசனை நாத்தத்தோட கலந்து இன்னும் கெடும். தெரியாத வைத்தியம் சொல்லாதீங்க.

நெல்லை_ஹைவே:
அதெல்லாம் விடுங்க, மூல காரணம் ரீசர்குலேஷன், அதான் உள்காத்தையே சுத்த விடறது. எப்பவும் வெளிக்காத்து மோட்ல ஓட்டினா நாத்தமே வராது.

பழைய_ஸ்பேனர்:
தப்பு. வெளிக்காத்துல ஈரம் அதிகம், காயில்ல இன்னும் நிறையத் தண்ணி படியும். உள்காத்து சுத்தச் சுத்த ஈரம் குறையும். ஏசி கம்ப்ரெஸருக்கும் பளு குறைவு.

நெல்லை_ஹைவே:
அப்ப தூங்கி வழியறது யாரு? நாலு பேர் மூச்சு விட்ட காத்தையே மணிக்கணக்கா சுத்த விட்டா தலை கனக்கும். நெடுந்தூர ஓட்டத்துல அது ஆபத்து சார்.

ஸ்டெப்னி:
ரெண்டும் சரி, ஆனா நாத்தத்துக்கு முக்கியம் கடைசி அஞ்சு நிமிஷம். வீடு வர்றதுக்கு முன்னாடி ஏசி பட்டனை மட்டும் அணைச்சு, வெளிக்காத்துக்கு மாத்தி, ப்ளோயரை மூணுல ஓட விட்டா காயில் காயும். ஈரமா மூடி வச்சாத்தான் பூஞ்சை. நடுவழியில அரை மணிக்கொரு தடவை கொஞ்சம் வெளிக்காத்து விடுங்க.

கோவை_டீசல்:
வினிகர் வேண்டாம், சரி. மரத்தடியில நிறுத்தறவரா? வைப்பருக்குக் கீழே இருக்கற கிரில்லைத் திறந்து பாருங்க. வேப்ப இலை, பூ எல்லாம் மக்கிப்போய் அந்தக் காத்துதான் உள்ள வரும்.

வேளச்சேரி_வண்டி:
வேப்ப மரம்தான். ஃபில்டர் ஸ்லாட் திறந்தேன், ஃபில்டரே இல்ல! உள்ள ஒரே இலை. கடையில டிரெய்ன் குழாய் அடைப்பை எடுத்து விட்டாங்க, கறுப்புத் தண்ணி கொட்டுச்சு. நாத்தம் பாதி போச்சு. நன்றி எல்லாருக்கும், கிளம்பறேன்.

ஸ்டெப்னி:
பேஸ் மாடல் பலதுல ஃபில்டர் வராது, ஸ்லாட் மட்டும் இருக்கும். உங்க மாடலுக்கானதை வாங்கிப் போடுங்க, காத்து அம்புக்குறி பாத்து. நுரை அடிச்சாச்சா? கார்பெட்டுக்கு அடியில இருக்கற பஞ்சைத் தூக்கிக் காய வச்சீங்களா? மீதி நாத்தம் அங்கதான் இருக்கும்.

நெல்லை_ஹைவே:
ஆள் ஊருக்குப் போயாச்சு போல.