புதுப்பிப்பு: உக்கற்பீப்பா நாற்றமும் தொண்டர் பயிற்சியும்

சமையற்கழிவை உக்கவைத்து உரமாக்கும் பீப்பாவில், ஒரு வாளி கழிவுக்கு ஒரு வாளி காய்ந்த இலை போடவேண்டும் என்று வெள்ளவத்தைத் தொடர்மாடித் தொண்டர்களுக்கு முன்பு எழுதியிருந்தோம். ஐப்பசி மழைக்கு அது போதாது. இலையை இரண்டு வாளியாகத் திருத்திக்கொள்ளுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் இலையே பாதி நனைந்துதான் வருகிறது. தும்புத்தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதை மட்டும் போட்டால் இறுகிக் காற்றை அடைத்துவிடும், ஆகவே கிழித்த மட்டைப்பெட்டித் துண்டுகளையும் கலக்க வேண்டும்.

நாற்றத்தில் இரண்டு வகை. மூக்கை எரிக்கும் அமோனியா வாடை என்றால் ஈரமான பச்சைக்கழிவு கூடிவிட்டது. இலை சேர்த்தால் அடங்கும். கூழ்முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்றில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்: ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் முழுவதையும் கொட்டிக் கிளறி, பீப்பாவை இரண்டு கல்லின்மேல் தூக்கி வையுங்கள். பெரும்பாலும் அடித்துளைகளைத்தான் பழைய சோறு பசைபோல் அடைத்திருக்கும். பால் பிழிந்த தேங்காய்ப்பூவையும் உதிர்த்தே போடவேண்டும்.

இன்னொரு திருத்தம், இதுவே முக்கியம்: பயிற்சியைப் பீப்பாவில் தொடங்காதீர்கள். முதல் வாரம் தராசு மட்டும் போதும். தோல், காம்பு ஒரு வாளியில். மிஞ்சிய சோறு, கறி, அழுகிய மரக்கறி மற்றதில். இரண்டையும் தினமும் நிறுத்து எழுதட்டும். இரண்டாவது வாளியைக் குறைப்பது அரிசி அளக்கும் சுண்டின் வேலை: அளந்து சமைத்தால் மிச்சம் குறையும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பறித்த நகரம் இது.