எலினார் கிளினும் மௌனப் படங்களும்

கேள்வி (தில்லி வாசகி):
தில்லியில் இன்று கஸ்தூரிபா காந்தி மார்க் என்று வழங்கும் சாலைக்கு முன்பு கர்சன் சாலை என்று பெயர். அந்தக் கர்சன் பிரபுவின் வரலாற்றைப் படித்தபோது, அவர் இந்தியாவை விட்டுச் சென்ற பிறகு நெருங்கிப் பழகிய எலினார் கிளின் என்ற ஆங்கில நாவலாசிரியையைப் பற்றி அறிந்தேன். மௌனப் பட வரலாற்றிலும் இவர் பெயர் வருகிறது. நாவல்கள் படமாயின என்பதற்கு மேல் இவருடைய செல்வாக்கு என்ன?

பதில் (ராமகிருஷ்ணபுரம் ரசிகர்):
அம்மா, காதலைத் திரையில் நடித்துக்காட்டும் முறையையே இவர் மாற்றினார் என்பது என் துணிபு. 1907இல் வெளிவந்த ‘த்ரீ வீக்ஸ்’ நாவலில், தன்னைவிட இளையவனான ஓர் ஆங்கிலேயனிடம் மனத்தைப் பறிகொடுத்த அரசி புலித்தோலின்மீது சாய்ந்திருக்கும் காட்சி கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நூலோ அமோகமாக விற்றது. இவருடைய நாவல்களில் வரும் காதலர்கள் சொல்லால் உணர்த்துவதைவிடப் பார்வையாலும் அமரும் விதத்தாலும் அறையின் அலங்காரத்தாலும் உணர்த்துவதே மிகுதி என்பதால், வசனமில்லாத படத்துக்கு இந்த எழுத்து இயல்பாகவே பொருந்தியது. 1920இல் ஹாலிவுட் சென்றவர் கதையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாமல், உடை, நடை, மேல்தட்டுப் பழக்கவழக்கங்கள் எனப் பலவற்றிலும் நடிகர்களுக்கு வழிகாட்டினார். 1922இல் குளோரியா ஸ்வான்சனும் ருடால்ஃப் வாலண்டினோவும் நடித்த ‘பியாண்ட் தி ராக்ஸ்’ இவருடைய நாவல்தான். பெண்ணின் உள்ளங்கையில் முத்தமிட வாலண்டினோவுக்குக் கற்றுக்கொடுத்தவரும் இவரே என்று சொல்லப்படுகிறது. காணாமற்போனதாகக் கருதப்பட்ட அப்படம் நெதர்லாந்தில் கண்டெடுக்கப்பட்டு, 2005இல் மீண்டும் திரையிடப்பட்டது.

பதில் (சட்ட மாணவர்):
ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். ‘த்ரீ வீக்ஸ்’ நாவலைக் கேலி செய்து எடுத்த ஒரு படத்தின்மீது கிளின் 1915இல் லண்டனில் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தார். நூல் ஒழுக்கக்கேடானது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பளிக்க மறுத்துவிட்டது.

பதில் (கரோல் பாக் வாசகர்):
ராமகிருஷ்ணபுரம் நண்பர் அரசிகளோடும் சீமாட்டிகளோடும் நின்றுவிட்டார். வெகுமக்கள் வாழ்க்கையில் கிளின் ஆழமாக ஊன்றியது 1927இல் வந்த ‘இட்’ படத்தால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதில் நடிகை கிளாரா போ கடையில் வேலைபார்க்கும் சாதாரணப் பெண். ‘இட்’ என்று கிளின் பெயரிட்ட கவர்ச்சி என்பது பணத்தாலோ பிறப்பாலோ வருவதன்று என்ற கருத்து லட்சக்கணக்கான உழைக்கும் பெண்களிடம் நேராகப் போய்ச் சேர்ந்தது. ‘இட் கேர்ள்’ என்ற பட்டம் கிளாராவுக்கு நிலைத்துவிட்டது. கிளினின் கதை வெளிவந்த ‘காஸ்மோபாலிட்டன்’ இதழைப் படத்தின் பாத்திரங்களே எடுத்துப் படிக்கிறார்கள். ஓர் உணவு விடுதிக் காட்சியில் கிளினும் எழுத்தாளர் கிளினாகவே தோன்றி, அந்தக் கவர்ச்சி இன்னதென்று விளக்குகிறார். எழுத்தாளரே நட்சத்திரமாகி, நாவலும் இதழும் படமும் ஒன்றையொன்று விற்றுக்கொடுக்கும் முறை அங்கே முழுமையாகவே உருவாகிவிட்டதைக் காணலாம்.