புதுப்பிப்பு: பாதியில் நின்ற நாவலோடு பட்டறைக்குப் போய் வந்தேன்

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலை) பின்னணியில் எழுதும் நாவல் பாதியில் நிற்கிறது, புனைவுப் பட்டறையில் சேரலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சேர்ந்தேன், மதுரையில் 3 நாள்.

"முழுப் பிரதியையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஒரு அத்தியாயத்தைச் சத்தமாக வாசியுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. 14 பக்கம் வாசித்தேன். ஆறாம் பக்கத்தில் எனக்கே இடறியது. கதையில் செல்லத்தாயி தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அதே பத்தியில் பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகனின் நினைப்பு புகுந்துவிடுகிறது. கதையை யார் கண் வழியாகச் சொல்கிறோம் என்ற பார்வைக்கோணம் மாறியது இத்தனை நாள் கண்ணுக்குப் படவில்லை, காதுக்குப் பட்டது.

எதிர்பாராதது: முதல் அத்தியாயமே வேண்டாம் என்றார்கள் பட்டறையில். அன்று ராத்திரி தூக்கமில்லை. இரண்டாவதிலிருந்து தொடங்கிப் பார்த்தேன், கதை நகர்கிறது. வெட்டியதில் தீக்குச்சி மருந்து வாசனை வரும் பத்தியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது ஒன்பதாவது அத்தியாயத்தில் இருக்கிறேன்.