ஃப்ளேக்கி டெஸ்ட்: ‘பிறழ் சோதனை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருள் சோதனையில் வரும் ஃப்ளேக்கி டெஸ்டுக்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. ஒரே நிரல், ஒரே சோதனை. ஒரு முறை பச்சை (தேறியது), மறுமுறை சிவப்பு (தோற்றது). அதற்குத்தான் பெயர் தேடுகிறோம். வலைச்செயலிகளைச் சோதிக்கும் பிளேரைட் கருவியின் அறிக்கையில் தேறியவை, தோற்றவை இரண்டையும் தவிர ஃப்ளேக்கி என்று மூன்றாவதாக ஒரு கணக்கே வருகிறது. தமிழில் அறிக்கை எழுத வேண்டுமானால் சொல் இல்லாமல் முடியாது. என் பரிந்துரையைச் சொல்லும் முன், ஏற்கெனவே வந்தவற்றுக்கு மறுமொழி.

> நிலையற்ற சோதனை என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் ‘நிலையற்ற’ ஏற்கெனவே இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறது. அன்ஸ்டேபிள் பதிப்பு நிலையற்ற பதிப்பு. ஸ்டேட் என்பதை நிலை என்று வைத்துக்கொண்டு, ஸ்டேட்லெஸ்ஸையும் (முன்பு நடந்ததை நினைவில் வைக்காதது) நிலையற்ற என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி ஒரு நிலையற்ற நெறிமுறை என்று படித்த மாணவர் இதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? வேடிக்கை என்னவென்றால், முந்தைய சோதனை விட்டுச் சென்ற நிலையை நம்பிக்கொண்டிருப்பதால்தான் பல சோதனைகள் இப்படிக் கெடுகின்றன. நிஜமாகவே ஸ்டேட்லெஸ்ஸாக இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. ‘சுட்டி’யை மவுசுக்கும் வைத்து லிங்குக்கும் வைத்துப் பட்ட பாடு போதாதா?

> ஊசல் சோதனை. அங்கும் இங்கும் ஆடுவதால்.

அழகான சொல்தான். ஆனால் ஊசல் ஒழுங்காக ஆடும். எந்த நொடியில் எந்தப் பக்கம் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். நம் சோதனைகள் அப்படி ஆடினால் தலைவலியே இல்லை. தவிர, எங்கள் வீட்டில் ஊசல் வாடை என்றால் நேற்றைய சாம்பார். (அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்கிறார் அலுவலகத் தோழி.)

> சபலச் சோதனை?

வேண்டாம். வகுப்பில் ஆசிரியர் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

> தற்செயல் சோதனை. காரணமே இல்லாமல் தோற்பதால்.

இங்கேதான் எனக்கு அடிப்படையிலேயே மறுப்பு. காரணம் இல்லாமல் எந்தச் சோதனையும் தோற்பதில்லை. காரணம் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன்.

கடைகளுக்குப் பில் போடும் ஒரு வலைச்செயலி. சோதனை மிக எளிது: புதுப் பில் போடு, சேமி, ‘இன்றைய பில்கள்’ பக்கத்துக்குப் போ, அந்தப் பில் எண் இருக்கிறதா பார். பகலில் எத்தனை முறை ஓட்டினாலும் பச்சை. இரவு 11:30-க்குத் தானாக ஓடும்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் சிவப்பு. காலையில் வந்து மறுபடி ஓட்டினால் பச்சை. ‘அது ஃப்ளேக்கி, விடு’ என்று சொல்லிச் சொல்லியே மூன்று வாரம் ஓட்டிவிட்டோம்.

முதலில் காத்திருப்பைத்தான் சந்தேகப்பட்டோம். அது இயல்பான சந்தேகம். அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்பின் 51 திட்டங்களிலிருந்து இத்தகைய சோதனைகளைச் சரிசெய்த 201 மாற்றங்களை எடுத்து ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. வகைப்படுத்த முடிந்தவற்றில் ஏறக்குறைய 45 விழுக்காட்டுக்குக் காரணம், பதில் வரும்வரை சரியாகக் காத்திருக்காததுதான். அதனால் நாங்களும் 2 நொடியை 5 ஆக்கினோம், 5-ஐ 10 ஆக்கினோம். பயனில்லை. அப்புறம், தோற்றால் இரண்டு முறை மறுபடி முயலும்படி வைத்தோம். மூன்று முறையும் தோற்றது. அங்கேயே விழித்திருக்க வேண்டும். தற்செயல் என்றால் மூன்றில் ஒன்றாவது தேறியிருக்காதா?

கடைசியில் தோற்ற நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். 12:07. 12:40. 1:15. ஒன்றுகூட 12-க்கு முன்னால் இல்லை. மற்ற குழுக்களின் வேலைகள் வரிசையில் நிற்கும் நாள்களில் எங்கள் முறை வருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். தடப்பதிவை (சோதனை ஓடியதன் படிப்படியான பதிவு) திறந்தால் பக்கத்தின் தலைப்பில் 14-ஆம் தேதி. சேவையகம் சேமித்த பில்லில் 13. உலாவி இந்திய நேரத்தில், சேவையகம் யுடிசியில் (உலகப் பொது நேரம்). இடைவெளி ஐந்தரை மணி நேரம். ஆக, நம்மூர் நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை போடும் எந்தப் பில்லும் முந்தைய நாள் கணக்கில் விழும். தீபாவளிக்கு முந்தைய இரவு 12:30-க்குத் துணி விற்கும் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். தப்பு சோதனையில் இல்லை, செயலியில். மூன்று வாரமாக அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தோம்.

(சரிசெய்த விதம்: பில் தேதியைக் கடையின் நேரப்படி சேவையகமே கணக்கிடும்படி மாற்றினோம். சோதனையில் கடிகாரத்தை நம் கைக்குக் கொண்டுவந்தோம். உலாவிக்கு, பிளேரைட் 1.45-ல் வந்த கடிகார வசதி. சேவையகத்துக்கு, நேரத்தை வெளியிலிருந்து கொடுக்க ஒரு வழி. இப்போது இரவு 12:30 என்று வைத்துப் பட்டப்பகலில் ஓட்டுகிறோம்.)

இனி என் பரிந்துரை. நாளிதழ்களின் நீதிமன்றச் செய்திகளில் ‘முக்கிய சாட்சி பிறழ் சாட்சியானார்’ என்று படித்திருப்பீர்கள். போலீசிடம் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறி வேறொன்று சொல்பவர். நடந்த சம்பவம் மாறவில்லை, சொல் மாறிவிட்டது. நம் கதையும் அதேதான்: நிரல் மாறவில்லை, தீர்ப்பு மாறுகிறது. எனவே ‘பிறழ் சோதனை’. சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்பதற்காகவே அவர் சொன்னது அத்தனையையும் நீதிமன்றம் தூக்கி எறிவதில்லை. நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பில் சோதனைக்கு நாங்கள் அந்த நீதியைக்கூடச் செய்யவில்லை.

> ‘பிறழ்ச் சோதனை’ என்று ஒற்று வர வேண்டாமா?

வராது. இது வினைத்தொகை, சுடுசோறு, ஊறுகாய் போல. வினைத்தொகை என்பதால் இன்னொரு வசதி: பிறழ்ந்த, பிறழ்கிற, பிறழும் மூன்றும் அதற்குள் அடங்கும். போன மாதம் ஒரே ஒரு முறை தோற்றதும், தினமும் தோற்பதும், இனித் தோற்கப் போவதும் ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. கிளைச்சொற்களும் எளிதாக வரும்: பிறழ்வு, பிறழ்வு விகிதம், ‘இது அடிக்கடி பிறழுது, ஒதுக்கி வை’. இந்தக் கடைசி வாக்கியத்தை இருக்கையில் உட்கார்ந்தபடி பக்கத்தில் இருப்பவரிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் நான் வைக்கும் உரைகல். நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள், ஆனால் என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. யாரும் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். மரபணுப் பிறழ்வு என்று மியூட்டேஷனுக்கு எழுதுகிறோம். மியூட்டேஷன் டெஸ்டிங் என்று ஒன்று நம் துறையிலும் இருக்கிறது: நிரலை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, சோதனைகள் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்ப்பது. அதைப் பிறழ்வுச் சோதனை என்று யாராவது வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இலங்கைப் பாடநூல்களில் மியூட்டேஷன் ‘விகாரம்’ என்று இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது. நமக்கு, அதைத் ‘திரிபுச் சோதனை’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வேண்டுமென்றே திரிப்பது திரிபு, தானே வழுவுவது பிறழ்வு.

வரையறையாக நான் எழுதியிருப்பது: ‘நிரலிலும் சோதனையிலும் எந்த மாற்றமும் இல்லாமலே, ஒரு முறை தேறியும் மறுமுறை தோற்றும் முடிவு மாறும் சோதனை’. தற்செயல், காரணமற்ற போன்ற சொற்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். கருவி சொல்வதை அப்படியே வரையறையாக எடுக்கவும் இல்லை. முதலில் தோற்று மறுமுயற்சியில் தேறினால்தான் பிளேரைட் அதை ஃப்ளேக்கி என்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் பில் சோதனை வெறும் தோல்வி.

நம் கலைச்சொற்களைத் தொகுக்கும் சொற்கோப்பில் இப்போதைக்குக் கேள்விக்குறியோடு சேர்த்திருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஃபிக்சருக்கு (சோதனைக்கு முன் செய்துவைக்கும் ஏற்பாடு) வந்த நான்கு சொற்களையும் இந்த இழையில் கலக்க வேண்டாம், தனி இழை தொடங்குகிறேன்.