தமிழ் நூலைப் பக்கம் அமைக்கும்போது கொம்பு இடம் மாறுகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் வட்டாரத்து ஏரிகளைப் பற்றிய கட்டுரைகளைச் சொந்தச் செலவில் நூலாகக் கொண்டுவர முயன்று வருகிறேன். ஒரு பகுதியை யூனிகோடில் தட்டச்சு செய்தேன். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கட்டுரைகளை மாற்றியின் உதவியால் யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். வேர்டில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஒட்டினால் 'கொ', 'கே' போன்ற எழுத்துகளில் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. தவிர, 196 பக்கம் ஒத்துவராது என்று அச்சகத்தார் சொல்வதன் காரணமும் விளங்கவில்லை.

மறுமொழி 1:
எழுத்துருவில் குறையில்லை, ஐயா. யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் பதிவாகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. பாராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குச் சென்று, 'அடோப் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இதைவிடத் தொல்லையான ஒன்று உங்கள் பழைய கட்டுரைகளில் ஒளிந்திருக்கக்கூடும். பாமினியில் 'கௌ' என்பதைக் கொம்பு, க, ள என்று மூன்றாகத் தட்டச்சு செய்வதால், மாற்றி அதைப் பெரும்பாலும் 'கெள' என்றே தருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மின்னூலில் 'கௌரவம்' என்று தேடுபவருக்கு அந்தச் சொல் அகப்படாது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடாதீர்கள். ஏரிகளைப் பற்றிய நூலில் கெளுத்தி மீன் வராமலா இருக்கும்?

மறுமொழி 2:
ஆஃப்செட் அச்சில் டெமி 1/8 என்னும் வழக்கமான நூல் அளவுக்குப் பொதுவாக 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒன்றாகச் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி. 192 பக்கம் 12 பாரமாகும்; எஞ்சும் 4 பக்கத்துக்காகத் தனியே தகடும் ஓட்டமும் தேவைப்படுவதால்தான் மறுக்கிறார்கள். நான்கு பக்கங்களைச் சுருக்குவதே சிக்கனம். பக்க எண்ணிக்கையும் தாளும் உறுதியாகும் வரை அட்டையை முடிக்க வேண்டாம். 192 பக்கம் என்பது 96 தாள். தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் முதுகு 9.6 மி.மீ. வரும். தடித்த தாளுக்கு மாறினால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு நகர்ந்துவிடும்.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது; மின்னூலுக்குத் தனி எண் வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டிய பிரதிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கம்போசரை மாற்றியதும் கொம்பு இடத்துக்கு வந்துவிட்டது. கௌதாரி, கௌரவம் போன்ற சொற்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன், கெளுத்தியைத் தொடவில்லை. ஆனால் பிடிஎஃப் கோப்பில் சில சொற்களைத் தேடினால் இன்னும் கிடைப்பதில்லை. அச்சுக்கு இது இடையூறாகுமா?

மறுமொழி 1:
ஆகாது, எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருந்தால் போதும். மின்னூலை மட்டும் அந்தப் பிடிஎஃப்பிலிருந்து உருவாக்காமல், வேர்டு கோப்பிலிருந்து உருவாக்குங்கள். இன்டிசைனில் கடைசியாகச் செய்த மெய்ப்புத் திருத்தங்களை அதற்கு முன் வேர்டிலும் ஏற்றிவிடுங்கள்.