அந்தச் சுவரைக் காணோம்

அக்கா: மாமா, ‘கிரீன் ஸோன்’ பார்க்கலாமா? ஈராக் போர், நிஜத்துல நடந்ததுன்னு போட்டிருக்கான்.

மாமா: பாரும்மா. ஆனா நடந்தது அப்படியேன்னு நம்பிடாதே. ராஜீவ் சந்திரசேகரன் புத்தகத்தைத் தழுவினதுன்னு பேர். ‘கிரீன் ஸோன்’ங்கறது பாக்தாத்துல அமெரிக்கக்காரங்க இருந்த காவல் வளையம். அந்தக் கோட்டைக்குள்ள அமெரிக்க நிர்வாகம் எப்படி நடந்துச்சுங்கறதுதான் புத்தகம். படத்துல அது நீச்சல்குளம் சீனோட சரி.

தம்பி: மேட் டேமன் குழு பேரழிவு ஆயுதங்களை இடம் இடமா தேடி வெறுங்கையோட திரும்புறது நடந்ததுதானே?

மாமா: நடந்ததுதான். முதல் அரை மணி நேரம் அருமை. கோளாறு ‘மெகல்லன்’ங்கற ரகசியத் தகவலாளிகிட்ட ஆரம்பிக்குது. படத்துல அவர் ஈராக் ஜெனரல். ஆயுதம் இல்லைன்னு உண்மையைச் சொல்றார், வாஷிங்டன் அதிகாரி ஒருத்தர் அதைத் தலைகீழா மாத்திடுறார். ஒரே வில்லன், வேலை முடிஞ்சுது.

நிஜத்துல அந்த ஆள் ஜெர்மனியில அடைக்கலம் கேட்ட கெமிக்கல் இன்ஜினியர். ‘கர்வ்பால்’னு சங்கேதப் பேர். லாரியில கிருமி ஆயுதம் தயாரிக்கறாங்கன்னு அவரே கதை கட்டினார். விசாரிச்சது ஜெர்மன் உளவுத்துறை. அமெரிக்க உளவுத்துறைல போருக்கு முன்னாடி அவரை நேர்ல பார்த்தது ஒரே ஒருத்தர்.

அக்கா: ஒருத்தருமா சரிபார்க்கல?

மாமா: பார்த்தாங்கம்மா! 2003 பிப்ரவரி 5, அப்போ அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த காலின் பவல் ஐ.நா.வுல அந்த லாரி வரைபடத்தைக் காட்டினார். 8ம் தேதி ஐ.நா. ஆய்வாளர்கள் ஜெர்ஃப் அல் நடாஃப் போனாங்க. கர்வ்பால் சொன்ன இடம். விதை சுத்தம் பண்ற கொட்டகை. லாரி நுழையும்னு அவர் சொன்ன பக்கத்துல குறுக்கே சுவர் நிக்குது. லாரி போக வழியே இல்லை. அப்படியும் மார்ச் 20 போர் ஆரம்பிச்சாச்சு.

சித்தி: இந்தச் சுவரைக் காட்டியிருந்தாலே போதுமே. அந்த இருட்டுல ஓடற கிளைமாக்ஸ்ல யார் யாரைத் துரத்துறாங்கன்னே தெரியல. கேமரா ஆட்டம் வேற.

மாமா: ஆமா. ஈராக் ராணுவத்தைக் கலைச்சதையும் ஒரு அறிவிப்போட தாண்டிடுறாங்க. அது ஈராக்கை அப்போ நிர்வகிச்ச அமெரிக்க அதிகாரி பிரெமரோட 2ம் எண் ஆணை, மே 23. ஆயுதப் பயிற்சி உள்ள லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நாள்ல வேலை போச்சு. பின்னால வந்த கிளர்ச்சிக்கு அங்கேருந்தும் ஆள் சேர்ந்துச்சு. தனிப் படமே எடுக்கலாம்.

சித்தி: மேட் டேமனுக்கு மொழிபெயர்க்கற ஈராக்கியர் ஃப்ரெடியா வர்ற காலித் அப்தல்லா மட்டும் மனசுல நிக்கிறார்.

தம்பி: மாமா, கடைசியில அந்த லாரிங்க கிடைச்சுதா?

மாமா: ரெண்டு டிரெய்லர் கிடைச்சுது. கிருமி ஆயுதக் கூடம்னு முதல்ல அறிவிச்சாங்க. போருக்கு அப்புறம் ஆயுதம் தேடப் போன ஈராக் சர்வே குரூப் 2004ல முடிவைச் சொல்லிடுச்சு: வானிலை பலூனுக்கு ஹைட்ரஜன் தயாரிக்கற வண்டி.